காட் கேட்டேன், வாழ்த்து சொன்னார்கள்

பைன்டவுன் புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வந்து எட்டு மாதம் ஆகிறது, சொந்த ஊர் கரூர். அடுத்த மாதம் அம்மா வருகிறார், மூன்று மாதம் இருப்பார். அவருக்குக் கட்டில் வாங்கலாம் என்று சனிக்கிழமை ஒரு ஃபர்னிச்சர் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண்ணிடம், ஒரு காட் வேண்டும், சிங்கிள் போதும், பெட் வேண்டாம், பெட் வீட்டில் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் தெளிவாகத்தான் சொன்னேன். அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக வாழ்த்து சொன்னார். புதிதாக வந்தவனுக்கு இது ஒரு மரியாதை போல என்று நினைத்து நானும் நன்றி சொல்லிவிட்டேன். எப்போது என்று கேட்டார். அடுத்த மாதம் பதினெட்டு என்றேன், அது விமான டிக்கெட் தேதி. பையனா பெண்ணா என்றார். அம்மா என்றேன்.

அதன் பிறகு அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே கூட்டிப்போய் நிறுத்திய இடத்தில், நான்கு பக்கமும் கம்பி வைத்த குழந்தைக் கட்டில்கள் வரிசையாக நின்றன. ஒன்றில் யானைக்குட்டி படம் வேறு.

எனக்கு ஒரே கேள்விதான். ஊரில் ஸ்டீல் காட், திவான் காட், ஃபோல்டிங் காட் என்று பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டு இருக்கிறோமே, அது தப்பான ஆங்கிலமா? இங்கே கடையில் என்ன சொல்லிக் கேட்க வேண்டும்?

மெரேபேங்க் நர்ஸ்:
தம்பி, சிரித்துச் சிரித்து டீ கொட்டிவிட்டது. நான் இங்கேயே பிறந்தவள், தமிழ் ஆயாவிடமும் சனிக்கிழமை வகுப்பிலும் படித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் காட் என்றால் கைக்குழந்தை படுக்கும் கம்பிக் கட்டில் மட்டும்தான். பெரியவர்களுக்கு என்றால் பெட். உங்கள் அம்மாவைக் காட் ஒன்றில் படுக்க வைக்கப் போகிறேன் என்று சொன்னால் சமூகநலத் துறைக்கே ஃபோன் போகும்.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் பெரியவர்களுக்கும் காட் உண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நோயாளி விழாமல் இருக்க இரண்டு பக்கமும் தூக்கிவிடுகிற கம்பி இருக்கிறது இல்லையா, அதை நாங்கள் காட் சைட் என்றுதான் சொல்வோம். இரவு ஷிஃப்ட் மாறும்போது காட் சைட் தூக்கியிருக்கிறதா என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். எண்பது வயதுத் தாத்தாவுக்கும் அதே பெயர்தான். அதுவும் குழந்தைக் கட்டிலின் கம்பியிலிருந்து வந்த பேச்சுதான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வாத்தியார் மகன்:
இந்திய ஆங்கிலத்தின் கோளாறு இது, வேறு ஒன்றும் இல்லை. காட் என்றால் ஆங்கிலத்தில் குடிசை. காட்டேஜ் என்ற சொல்லே அதிலிருந்துதான் வந்தது. நம் ஆட்கள் யாரோ எதையோ குழப்பிக் கட்டிலுக்கு வைத்துவிட்டார்கள். நமது குடில் என்ற சொல்லையும் பாருங்கள், குடில், காட், எவ்வளவு பொருத்தம்! ஆங்கிலமே தமிழிலிருந்து எடுத்ததுதான்.

சொல்வேட்டை:
வாத்தியார் மகன் ஐயா, அப்பா கோபித்துக்கொள்ளப் போகிறார். ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. குடிசை என்று பொருள் தரும் காட் பழைய ஆங்கிலச் சொல், ஜெர்மானியக் குடும்பம், டச்சில் அதன் உறவுக்காரன் இன்னும் இருக்கிறான். காட்டேஜும், புறாக்கூட்டுக்குச் சொல்கிற டவ்கோட்டும் அந்த வழி. அதற்கும் குடிலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, ஓசை ஒத்துப்போவதெல்லாம் உறவு ஆகாது.

படுக்கிற காட் வேறு. அது 1630களில் ஆங்கிலத்துக்குள் வந்தது, இந்தியாவுக்கு வியாபாரம் செய்ய வந்தவர்கள் கொண்டுபோன சொல். இந்தியில் காட் என்றால் கட்டில், சமஸ்கிருதத்தில் கட்வா. ஆக முதலில் அந்தச் சொல்லுக்கு இருந்த பொருளே நம்மூர்ப் பொருள்தான், பெரியவர்கள் படுக்கும் லேசான கட்டில். கரூர்க்காரர் சொன்னது தப்பே இல்லை, நானூறு வருடம் பழைய பொருளில் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தச் சொல் கப்பல் ஏறியது. ஆங்கிலேயக் கடற்படையில் அதிகாரிகளுக்கு, கான்வாஸ் துணியை மரச்சட்டத்தில் கட்டி மேலே உத்தரத்திலிருந்து தொங்கவிட்ட படுக்கைக்குக் காட் என்று பெயர். சாதாரண மாலுமிக்குத் தொங்கு வலை, அதிகாரிக்குக் காட். தொங்குகிறது, ஆடுகிறது, விளிம்பு உயர்ந்திருக்கிறது. இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்குத் தூளிதான் ஞாபகம் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் குழந்தைப் படுக்கைக்கு அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, இந்தத் தூளிக் கணக்கு மட்டும் என் சொந்த ஊகம். அந்தப் பிரிட்டிஷ் வழக்குதான் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தங்கியது.

இந்தியாவில் மட்டும் பழைய பொருள் போகவில்லை. 1886-ல் வெளிவந்த, இந்திய ஆங்கிலச் சொற்களுக்கான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே இதைக் கவனித்திருக்கிறது: வடக்கே சார்பாய் என்ற சொல் வந்து காட்டை ஓரங்கட்டிவிட்டது, தெற்கே காட்தான் நடமாடுகிறது. சார்பாய் என்றால் நான்கு கால். நம் வீட்டு டீப்பாயும் அந்த வகைதான், மூன்று கால், திபாய், அதாவது நமது முக்காலி. டீக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வாத்தியார் மகன்:
டீப்பாய்க்கும் டீக்கும் சம்பந்தம் இல்லையா? சரி, இன்றைக்கு இதுவே போதும் எனக்கு.

ஜோபர்க் கணக்கர்:
அமெரிக்காவை விட்டுவிட்டீர்கள். எங்கள் ஆபீசில் ஒரு அமெரிக்கர் இருந்தார். க்ரூகர் வனவிலங்குப் பூங்கா பக்கம் கூடாரம் போட்டுத் தங்கப் போனோம், யார் யார் என்னென்ன கொண்டுவருவது என்று பட்டியல் போட்டோம். அவர் தன் பெயருக்கு நேராகக் கேம்ப் காட் ஐந்து என்று எழுதினார். அவர் மனதில் இருந்தது மடக்குகிற கட்டில், ராணுவக் கூடாரத்தில் இருக்குமே அது. அமெரிக்காவில் காட் என்றால் அதுதான், குழந்தைக் கட்டிலுக்கு அவர்கள் கிரிப் என்பார்கள். ஆனால் இங்கே கேம்ப் காட் என்றால் என்ன? பயணத்துக்குக் கொண்டுபோகிற, வலை வைத்த, மடிக்கிற குழந்தைத் தொட்டில்! பட்டியலைப் பார்த்த எங்கள் ரிசப்ஷன் பெண் ஐந்து வீட்டிலும் குழந்தையா என்று கேட்டார்.

சரி, மடக்குக் கட்டிலுக்கு இங்கே என்ன பெயர் என்றால் ஸ்ட்ரெச்சர். இதை முதலில் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. கேம்ப் போகிறோம், ஆளுக்கு ஒரு ஸ்ட்ரெச்சர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் நம் ஊர் ஆள் என்ன நினைப்பான்? சிங்கம் பார்க்கப் போகிற இடம் வேறு.

மெரேபேங்க் நர்ஸ்:
கணக்கரே, எங்கள் வார்டில் இரண்டு ஸ்ட்ரெச்சரும் உண்டு, ஒன்று நோயாளிக்கு, ஒன்று அவசரத்துக்கு இரவு தங்கும் அம்மாவுக்கு.

தச்சன் சாட்ஸ்வர்த்:
நான் நாற்பது வருடம் மரவேலை செய்தவன், இப்போது ஓய்வு. பேச்சு போகிற போக்கில் அந்தப் பையனுக்குக் கட்டில் கிடைக்காது போலிருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

தம்பி, கடையில் போய் பெட் வேண்டாம் என்று சொன்னீர்களே, அதுதான் பெரிய தப்பு. ஊரில் பெட் என்றால் மெத்தை என்று நீங்கள் நினைத்துச் சொல்லியிருப்பீர்கள். இங்கே பெட் என்றால் முழுக் கட்டிலும் சேர்த்து. மெத்தைக்கு மேட்ரஸ். அதன் அடியில் துணி போர்த்திய பெட்டி மாதிரி ஒன்று கால் வைத்து வரும், அதற்குப் பேஸ். இங்கே பெரும்பாலும் பேஸும் மேட்ரஸும் ஜோடியாக விற்பார்கள், அதற்கு பெட் செட். தலைமாட்டுப் பலகை தனி விலை. மரச்சட்டக் கட்டில்தான் வேண்டும் என்றால் பெட் ஃப்ரேம் அல்லது பெட்ஸ்டெட் என்று கேளுங்கள்.

அளவு: சிங்கிள் 91 சென்டிமீட்டர் அகலம், முக்கால் என்று ஒன்று இருக்கிறது அது 107, டபுள் 137, க்வீன் 152, கிங் 183. நீளம் சாதாரணமாக 188, எக்ஸ்ட்ரா லெங்த் என்றால் 200. கரூரிலிருந்து மெத்தை கொண்டுவந்திருந்தால் அளந்துவிட்டுப் போங்கள், ஊர் மெத்தை அங்குலக் கணக்கு.

இன்னொன்று, நீங்கள் இல்லை, யாராவது நிஜமாகவே குழந்தைக்குக் காட் தேடினால்: ஒரு பக்கக் கம்பியை மேலும் கீழும் இறக்குகிற பழைய மாடலைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்தப் பக்கம் கழன்று குழந்தை இடுக்கில் சிக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் 2011-லிருந்து அதை விற்கவே கூடாது. என் பேரனுக்கு நான் செய்தது நான்கு பக்கமும் அசையாதது. குனிந்து தூக்க முதுகு வலிக்கிறது என்று மருமகள் சொன்னாள், வலிக்கட்டும்.

பைன்டவுன் புதுவரவு:
ஐயா, மிகவும் நன்றி. முக்கால் என்றால் எதில் முக்கால்?

தச்சன் சாட்ஸ்வர்த்:
டபுளில் முக்கால். ஒருவர் தாராளமாகப் புரளலாம், இருவர் சண்டை போடாமல் இருந்தால் படுக்கலாம்.

காரூ சாலை:
இந்த இழையைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. நான் காரூ என்கிற வறண்ட பகுதியில், டி ஆர் என்ற ஊர்ப் பக்கம் சோலார் வேலையில் இருக்கிறேன், சுற்றிலும் ஆட்டுப் பண்ணைகள், பேச்சு முழுக்க ஆஃப்ரிகான்ஸ், டச்சிலிருந்து பிறந்த மொழி. வாடகைக்கு அறை கொடுத்த பாட்டி அறையைக் காட்டும்போது மூலையைக் கைகாட்டி ஏதோ சொன்னார். எனக்கு ஆஃப்ரிகான்ஸ் அப்போது ஒரு சொல் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் காதில் கட்டில் என்று விழுந்தது. பாட்டி தமிழ் பேசுகிறாரா என்று ஒரு நொடி ஆடிப்போய்விட்டேன். திரும்பக் கேட்டேன். காட்டல். அவர் காட்டியதும் கட்டில்தான்!

அகராதி பார்த்தேன், ஆஃப்ரிகான்ஸில் கட்டிலுக்கு அப்படி ஒரு சொல் இருக்கிறது. பாட்டி தலைமுறைதான் அதிகம் சொல்கிறது, பேரப் பிள்ளைகள் பெட் என்றுதான் சொல்கிறார்கள். இது தற்செயலா?

சொல்வேட்டை:
தற்செயல் இல்லை! இதை நான் கடைசியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

அது நம் கட்டிலேதான். போர்த்துக்கீசியர் நம் கடற்கரையில் கேட்டு கத்தல், கத்ரே என்று எடுத்துக்கொண்டார்கள். ஸ்பானிய மொழியில் இன்றைக்கும் மடக்குக் கட்டிலுக்குக் கத்ரே என்று பெயர். மலாயிலும் கட்டில் என்றால் கட்டில்தான், பினாங்கு போனவர்களுக்குத் தெரியும். இந்தக் கடல் வழியில் எங்கோ டச்சுக்காரர் வாயில் ஏறி கேப்டவுனில் இறங்கியிருக்கிறது, போர்த்துக்கீசு வழியா மலாய் வழியா என்பதில்தான் அகராதிக்காரர்களுக்குள் இழுபறி, வேர் எது என்பதில் இல்லை.

ஆங்கிலமும் அதை இங்கிருந்து இன்னொரு முறை எடுத்துக்கொண்டது, கார்ட்டல் என்று. மாட்டு வண்டியில் ஊர் பெயர்ந்து போனார்களே போயர்கள் என்கிற டச்சு வம்சாவளி விவசாயிகள், 1830களில், அந்தக் கூண்டு வண்டிக்குள் போட்ட படுக்கைக்கு ஆங்கில அகராதியில் அந்தப் பெயர். மரச்சட்டம், அதில் குறுக்கும் நெடுக்கும் மாட்டுத்தோல் வார் இழுத்துக் கட்டியது. வாருக்கு ரீம்ப்பி என்பார்கள். மியூசியத்தில் வண்டி பார்த்தால் உள்ளே எட்டிப் பாருங்கள். கயிறுக்குப் பதில் தோல், மற்றபடி நம் பாட்டன் திண்ணையில் போட்டிருந்த கயிற்றுக் கட்டில்தான் அது.

ஆக, கரூர்க்காரர் டர்பனில் ஆங்கிலத்தில் கேட்டதற்குப் பதில் காரூவில் போய்த் தமிழிலேயே கேட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

பாலக்காட்டுத் தமிழன்:
கொஞ்சம் பொறுங்கள். மலையாளத்திலும் கட்டில்தான். போர்த்துக்கீசியர் 1498-ல் வந்து இறங்கியது கோழிக்கோட்டில், நாகப்பட்டினத்தில் இல்லை. அவர்கள் காதில் முதலில் விழுந்தது மலையாளக் கட்டிலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அகராதிகள் தமிழ் என்று எழுதியிருக்கலாம், அதை வைத்து மார்தட்டுவதற்கு முன் பக்கத்து வீட்டையும் ஒரு பார்வை பாருங்கள்.

சொல்வேட்டை:
ஒத்துக்கொள்கிறேன். நான் நம் கடற்கரை என்று எழுதியதில் உங்கள் கடற்கரையும் சேர்த்திதான்.

ஃபீனிக்ஸ் புலவர்:
நல்ல இழை. இந்தியில் உள்ள காட்டும் சமஸ்கிருதக் கட்வாவும் கூட திராவிடக் கட்டிலிலிருந்து போனவை என்று சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு, ஆங்கில அகராதிகள் சிலவும் காட்டுக்குக் கீழே தமிழ்க் கட்டிலை ஒப்பிட்டுக் காட்டும். அப்படியானால் காட், காட்டல், கார்ட்டல் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆனால் அவசரப்பட வேண்டாம், சமஸ்கிருதத்திலும் அது சின்ன வயதுச் சொல் இல்லை. பாணினி இலக்கணத்திலேயே ஒரு சூத்திரம் இருக்கிறது, கட்டிலில் ஏறியவன் என்பது வசைச்சொல்லாக வரும் என்று. படிப்பை முடிக்காமல் தரைப் படுக்கையை விட்டுக் கட்டிலுக்குப் போன மாணவனைத் திட்டுவது. இன்றைக்கு நம் பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கணக்கில் வசை வாங்க வேண்டியவர்கள்தான்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு ஒரு தனி உயரம் இருந்திருக்கிறது, அதைப் பலர் மறந்துவிட்டோம். அரசு கட்டில் என்றால் சிம்மாசனம். பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அரசு கட்டிலில் துஞ்சிய என்று அடைமொழி, கோவலன் கொலையில் நீதி தவறியதை அறிந்து அரியணையிலேயே உயிர் விட்டவன். முரசை வைக்கிற இடத்துக்கும் கட்டில்தான் பெயர். புறநானூறு ஐம்பதாம் பாட்டில் மோசிகீரனார் களைத்துப்போய், அது முரசு கட்டில் என்று தெரியாமல் ஏறிப் படுத்துத் தூங்கிவிடுகிறார். வெட்ட வேண்டிய குற்றம். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை வந்து பார்த்துவிட்டு, வெட்டாமல் சாமரம் எடுத்து விசிறிக்கொண்டு நின்றான். முரசு நீராட்டுக்குப் போயிருந்தது, கட்டிலில் பூ மெத்து மெத்தென்று பரப்பியிருந்தது, பாவம் புலவர் என்ன செய்வார்.

மெரேபேங்க் நர்ஸ்:
இது தெரியாதே! ஆயா கட்டிலை மிதிக்காதே என்று திட்டுவார், காலால் தொட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்வார். ஆயாவின் பாட்டி கப்பலில் வந்தவர். 1860-ல் ட்ரூரோ என்ற கப்பல் முதன்முதலில் மதராஸிலிருந்து இங்கே வந்தபோதே அதில் 342 பேர், எங்கள் ஆள் அதற்கும் பிந்திய கப்பல். கட்டில் எல்லாம் யார் கொண்டுவந்தார்கள், சொல் மட்டும் வந்தது. வீட்டில் எல்லாப் பொருளும் ஆங்கிலத்துக்கு மாறிய பிறகும் அந்தச் சொல் ஆயா சாகும்வரை இருந்தது. ஆனால் குழந்தையைப் போடுவதற்கு அவர் காட் என்று ஒருநாளும் சொன்னதில்லை, தொட்டில்தான், சேலையில் கட்டினால் தூளி.

வாத்தியார் மகன்:
ஒரு சந்தேகம், தமிழில் காட் என்று எழுதினால் கட்டிலா கடவுளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காரூ சாலை:
விழுந்து கும்பிட்டால் கடவுள், விழுந்து படுத்தால் கட்டில்.

பைன்டவுன் புதுவரவு:
எல்லோருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து வருகிறேன். தச்சன் ஐயா சொன்னபடி வேறு கடைக்குப் போய், முக்கால் பெட் செட் என்று ஒரே மூச்சில் சொல்லி வாங்கிவிட்டேன். யாரும் வாழ்த்து சொல்லவில்லை, கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அம்மா வந்துவிட்டார். கட்டிலைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். இதென்ன அடியிலும் மெத்தை மேலேயும் மெத்தை, கட்டில் எங்கே என்றார். பேஸ் என்று விளக்கினேன். இரண்டு நாள் படுத்தார், மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் தரையில் போர்வை விரித்துப் படுத்திருக்கிறார், முதுகு நோகிறதாம். இப்போது கட்டிலில் அவருடைய பெட்டிகள் இருக்கின்றன. பாய் வேண்டும் என்கிறார். டர்பனில் கோரைப்பாய் எங்கே கிடைக்கும்? அதற்கும் வேறு பெயர் சொல்ல வேண்டுமா?

தச்சன் சாட்ஸ்வர்த்:
வார்விக் சந்தைக்குப் போங்கள். ஜூலுப் பெண்கள் நெய்து விற்பார்கள், இன்செமா என்கிற கோரை, செயின்ட் லூசியா பக்கத்துச் சதுப்பில் வருடா வருடம் மே மாதம் அறுப்பார்கள். நம் கோரைப்பாயை விடக் கொஞ்சம் தடிமன், அம்மாவுக்குப் பிடிக்கும். பாய்க்கு ஜூலுவில் இகான்சி மாதிரி ஒரு பெயர், நடுவில் வருகிற எழுத்துக்கு நாக்கைப் பல்லில் வைத்துச் சொடுக்க வேண்டும், உங்களால் முடியாது. சுருட்டி நிறுத்தியிருப்பார்கள், கையைக் காட்டிக் கேளுங்கள்.